பாலைவனத்துல குவாட் பைக்: ஜெய்சல்மேரா, ஷார்ஜா பக்கமா? மலையில இருந்து கிளம்புறவங்களுக்காக

நம்ம மலைக்காரங்களுக்கு ஊரை விட்டு வெளிய போக கிடைக்கிற நேரமே கம்மி. ஏப்ரல் மே சீசன்ல டாக்ஸி ஓட்டுறவங்க, காட்டேஜ் வெச்சிருக்கவங்க, கடைக்காரங்க யாரும் நகர முடியாது, அப்புறம் மழை, மழை விட்டா பூஜா லீவு, தீபாவளி, கிறிஸ்துமஸ்னு கூட்டம் திரும்ப வந்துரும். பொங்கல் முடிஞ்சு பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். பாலைவனத்துக்கும் அதுதான் சரியான நேரம், மார்ச் பாதி தாண்டிட்டா தார் பாலைவனத்துலயும் சரி அரபு நாட்டுலயும் சரி நம்மால தாக்குப்பிடிக்க முடியாது. அதனால இந்த ஒன்றரை மாசத்துக்குள்ள குவாட் பைக், அதாவது மணல்லயும் மேட்டுலயும் ஓட்டுற நாலு சக்கர பைக், ஓட்டப் போலாம்னு எங்க கோத்தகிரி பக்கம் ரெண்டு மூணு குடும்பம் பேசிட்டு இருக்காங்க, நான் ரெண்டு பக்கமும் போய்ட்டு வந்தவன்கிறதால எங்க போறதுன்னு என்கிட்ட கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றதுக்குப் பதிலா மொத்தமா எழுதிடுறேன்.

முடிவை முதல்லயே சொல்லிடுறேன். குவாட் ஓட்டுறதுதான் ஆசைன்னா ஷார்ஜா-துபாய் பக்கம் போங்க, அதுவும் காலைல கைடு கூட்டிட்டுப் போற டூர் மட்டும். பாலைவனத்தைப் பாக்கணும், ராத்திரி நட்சத்திரம் பாக்கணும், கோட்டை பாக்கணும்னா ராஜஸ்தான்ல இருக்க ஜெய்சல்மேர் போங்க, ஆனா அங்க குவாட்டுக்குன்னு காசை ஒதுக்காதீங்க. ஏன்னு கீழ விவரமா சொல்றேன், ஏன்னா உங்க குடும்பத்துல யார் யார் வர்றாங்கங்கிறதைப் பொறுத்து இது மாறும்.

ஊரைப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு புரிஞ்சுக்கணும். "குவாட் பைக் ரைடு"ன்னு விளம்பரத்துல போட்டிருக்கிறது ரெண்டு வேற வேற விஷயம். ஒண்ணு, சஃபாரி பேக்கேஜோட ஒட்டி வர்ற ரைடு, சாயங்காலம் கார்ல கூட்டிட்டுப் போவாங்க, வழியில ஒரு இடத்துல கயிறோ டயரோ கட்டி மறைச்ச ஒரு சமதரை இருக்கும், அதுக்குள்ள பதினஞ்சு இருபது நிமிஷம் சுத்திட்டு இறங்கிடணும், மணல்மேட்டுல ஏறவே விடமாட்டாங்க. இன்னொண்ணு, கைடு முன்னாடி ஒரு வண்டியில போக நாம பின்னாடி வரிசையா போற டூர், ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ மேடு மேடா ஏறி இறங்கி உள்ள போய்ட்டு வர்றது. ரெண்டுக்கும் ஒரே போட்டோதான் போட்டிருப்பாங்க, ஒருத்தன் மேட்டு உச்சியில மணலைத் தெறிக்க விட்டுட்டு நிப்பான். முதல் வகையில போனவங்கதான் திரும்பி வந்து "என்னப்பா, பொருட்காட்சியில ஓட்டுன மாதிரி இருக்கு"ன்னு சொல்றது. இவ்ளோ தூரம் போறதுன்னா ரெண்டாவது வகைக்குத்தான் போகணும், அது கிடைக்காத ஊர்ல குவாட்டையே விட்டுட்டு வேற பாருங்க. இதுதான் நான் சொல்ல வர்றதுல பெரிய விஷயம், மத்ததெல்லாம் இதுல இருந்து வர்றதுதான்.

இப்போ வண்டியைப் பத்தி கொஞ்சம். நம்ம ஊர்ல எல்லாரும் பைக் ஓட்டுவோம், குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டுல 14 கொண்டை ஊசியும் கண்ணை மூடிட்டு ஏறுவோம், கல்லட்டியில 36 வளைவும் தெரியும், அதனால இதெல்லாம் சுலபம்னு நினைப்பு வரும். ஆனா குவாட்ல உக்கார்ந்த முதல் அஞ்சு நிமிஷம் அந்தப் பழக்கமே நமக்கு எதிரி. பைக்ல வளைவு வந்தா வண்டியோட சேர்ந்து நாமளும் சாய்வோம், குவாட் சாயாது. நிறைய மாடல்ல பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல பூட்டி ஒரே வேகத்துல சுத்தும், அதனால ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராவே போகப் பாக்கும். நாம உடம்பை வளைவோட உள்பக்கமா தள்ளி உக்கார்ந்தாதான், உள் பக்கச் சக்கரத்து மேல இருக்க பாரம் மாறி, வண்டி திரும்பும். வெளிப்பக்கம் சாஞ்சா கவுந்துரும். எங்க கூட வந்த எஸ்டேட் டிரைவர் ஒருத்தர், லாரி, ஜீப், டிராக்டர் எல்லாம் ஓட்டினவர், முதல் திருப்பத்துல நிறுத்திட்டு "ஏண்ணே, இது நம்ம பேச்சைக் கேக்கவே மாட்டேங்குதே"ன்னார், அப்புறம் கைடு பக்கத்துல வந்து சீட்டுல எப்படி நகர்ந்து உக்காரணும்னு காமிச்ச பிறகு அவருதான் எங்கள்ல நல்லா ஓட்டினவர்.

ஆக்ஸிலேட்டரும் வேற மாதிரி. பைக் மாதிரி கைப்பிடியை முறுக்குறது கிடையாது, வலது கைப்பிடிக்குக் கீழ ஒரு சின்ன லீவர், அதைக் கட்டைவிரலால தள்ளணும். முறுக்குற மாதிரி இருந்தா மேடு குலுக்கும்போது உடம்பு பின்னாடி போய் நம்மை அறியாம கை முறுக்கிடும், அதைத் தவிர்க்கத்தான் இப்படி. அரை மணி நேரத்துல கட்டைவிரல் வலிக்க ஆரம்பிக்கும், மறுநாள் காலைல டீ கிளாஸ் பிடிக்கும்போது தெரியும். இன்னொண்ணு கால். பைக்ல வண்டி தடுமாறினா உடனே காலைத் தரையில ஊணுவோம், அது யோசிக்காம வர்ற பழக்கம். குவாட்ல அதைப் பண்ணினா பின் சக்கரம் கால் மேல ஏறிடும். என்ன ஆனாலும் ரெண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்லயே இருக்கணும், இதை மனசுல நல்லா பதிய வெச்சுக்கங்க, அதுவும் புல்லட் ஓட்டுறவங்க.

நமக்கு உதவுற பழக்கமும் ஒண்ணு இருக்கு. மலையில "எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்கு"ன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. மணல்மேட்டுல இறங்கும்போதும் அதே கதைதான், பிரேக்கை அழுத்திப் பிடிச்சா முன் சக்கரம் மணல்ல புதைஞ்சு வண்டி குட்டிக்கரணம் அடிக்கும், இன்ஜின் பிடிக்கட்டும்னு விட்டு உடம்பைப் பின்னாடி தள்ளி நேரா இறங்கணும். சமவெளிக்காரங்க இதைப் பழகுறதுக்குள்ள நாம பழகிடுவோம்.

மணல்மேடு எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா பயம் பாதி போயிடும். காத்து அடிக்கிற பக்கம் மேடு சாய்வா, கெட்டியா இருக்கும், அந்தப் பக்கமாத்தான் ஏறுறது. உச்சி தாண்டினதும் மறுபக்கம் மணல் சரிஞ்சு விழுந்து சேர்ந்த பக்கம், 32-34 டிகிரி சாய்வு இருக்கும், காஞ்ச மணல் அதுக்கு மேல நிக்காது. ஏறுறப்போ மறுபக்கம் இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது, அங்க சரிவு இருக்கலாம், இன்னொரு வண்டி மாட்டி நிக்கலாம், ஆள் விழுந்து கிடக்கலாம். பெரிய விபத்து நடக்குறது பெரும்பாலும் இந்த உச்சியிலதான். பாதியில பயந்து வேகத்தைக் குறைச்சா வண்டி மணல்ல புதையும், குறுக்கா திருப்பினா உருளும். அதனால நேரா ஏறணும், உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி ஆக்ஸிலேட்டரை விட்டு மேல வந்து பாத்துட்டு நேரா இறங்கணும். வண்டி பின்னாடி ஒரு நீளக் கம்பியில கொடி கட்டியிருக்கிறது அழகுக்கு இல்ல, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க வண்டி தெரியணும்னுதான், கொடி இல்லாத வண்டியைக் குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க.

சரி, ஜெய்சல்மேர். கோயம்புத்தூர்ல இருந்து ஹிசார் போற வாராந்திர ஏசி ரயில் கொங்கன் வழியா ஜோத்பூர் போகுது, கிட்டத்தட்ட ரெண்டு ராத்திரி ஆகும், ஜன்னல் ஓரமா கொங்கன் பாத்துட்டுப் போறவங்களுக்கு அதுவே ஒரு டூர். அவசரம்னா பிளைட்ல ஜோத்பூர் போய் அங்கிருந்து கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர், ரயில்லயும் போலாம் ரோட்லயும் போலாம். பாஸ்போர்ட் வேணாம், விசா வேணாம், வயசானவங்களுக்கு சாப்பாட்டுப் பிரச்சனையும் ஓரளவுக்குக் கம்மி. கோட்டை 1156ல கட்ட ஆரம்பிச்சது, இன்னைக்கும் உள்ள குடும்பம் குடும்பமா ஆளுங்க குடியிருக்காங்க, மஞ்சள் கல்லுல சாயங்கால வெயில் பட்டா அதுக்காக மட்டுமே போலாம்.

மணல்மேடு ரெண்டு இடத்துல. சாம், ஊருக்கு மேற்கே 40 கிலோமீட்டர் சுமாருக்கு, குரி கொஞ்சம் தெற்கால தள்ளி. சாம்ல டூரிஸ்ட் வர்ற மணல் பகுதி சின்னதுதான், சுத்தி புதர்க்காடும் கல்தரையும் ஊரும் ஆடுமாடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல அந்த சின்ன இடத்துல ஒட்டகம், ஒட்டக வண்டி, ஜீப், குவாட், செல்ஃபி எடுக்கிற குடும்பம் எல்லாம் ஒண்ணா. பெரும்பாலும் பிப்ரவரில மரு மகோத்சவம்னு பாலைவனத் திருவிழா வேற நடக்கும், பாட்டும் கூத்தும் அருமையா இருக்கும், கூட்டமும் அதே அளவுக்கு இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள்ள ஒரு மேட்டு உச்சியைத் தாண்டுறதை நினைச்சுப் பாருங்க, மறுபக்கம் ஒரு ஒட்டகமும் அது மேல ரெண்டு குழந்தையும் இருந்தா? நாங்க கேட்ட ஒரு இடத்துல ஹெல்மெட் இருந்துச்சு, தாடைப் பட்டையோட கிளிப் உடைஞ்சு கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்க, கைடு நடந்து வந்து வழி காமிச்சார், அவருக்குத் தனி வண்டி இல்ல. எல்லா ஆபரேட்டரும் அப்படின்னு சொல்ல மாட்டேன், ஆனா மணி நேரக் கணக்குல வரிசையா கூட்டிட்டுப் போற டூர் அங்க தேடினாலும் எங்களுக்குக் கிடைக்கல, எல்லாம் ரவுண்டுக்கு இவ்ளோன்னுதான் பேசுறாங்க.

இதைவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. சாம் பக்கத்துல தொடங்கி டெசர்ட் நேஷனல் பார்க் 3,162 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கு, கானமயில் உலகத்துல மிச்சம் இருக்கிறதே ரொம்பக் கொஞ்சம், அதுல பெரும்பகுதி இந்தப் பக்கம்தான். அந்தப் பறவை கூடு கட்டாது, வெறும் தரையில பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். சாம்லயே 2019ல இருந்து அதுக்கு இனப்பெருக்க மையம் வெச்சு முட்டையை எடுத்துப் பொரிக்க வெச்சு வளர்க்கிறாங்க, கரண்ட் கம்பியில மோதி சாகுதுன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கு போச்சு. அவ்ளோ கஷ்டப்பட்டுக் காப்பாத்துற இடத்துல டூரிஸ்ட் பகுதியைத் தாண்டி "உள்ள யாரும் இல்லாத மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் சார், எக்ஸ்ட்ரா குடுங்க"ன்னு சொல்ற ஆளுகளும் இருக்காங்க. போகாதீங்க. அவலாஞ்சி பக்கம், முக்கூர்த்தி ஓரம் நம்ம புல்வெளியில எவனாவது ஜீப்பை ஏத்தி ரீல்ஸ் எடுத்தா நமக்கு எப்படி வயிறு எரியும்? புல்லு திரும்ப வர எத்தனை வருஷம் ஆகும்னு நமக்குத் தெரியும். அந்த ஊர்க்காரங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஜெய்சல்மேர் போறவங்க ரோட்டோரம் ஜீப், அப்புறம் ஒட்டகம், அப்புறம் குரி பக்கம் ஒரு வீட்டுல ராத்திரி தங்கல், இப்படிப் போங்க, மனசு நிறைஞ்சு வருவீங்க.

அடுத்து அரபு நாட்டுப் பக்கம். நம்ம மக்களுக்கு இதுல பெரிய சௌகரியம் என்னன்னா கோயம்புத்தூர்ல இருந்து ஷார்ஜாவுக்கு நேரா பிளைட் இருக்கு, நாலு மணி நேரம்தான், சென்னைக்கு பஸ்ல போற நேரத்துல பாதி கூட இல்ல. அங்க நேரம் நம்மளைவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. விசா முன்னாடியே எடுக்கணும், பாஸ்போர்ட்ல ஆறு மாசம் பாக்கி இருக்கணும், இது ரெண்டும் ரெடியா இல்லாதவங்க இந்த வருஷம் ஜெய்சல்மேர் போறதே நல்லது, அவசரத்துல ஏஜென்ட்டுக்குக் காசைக் கொட்டாதீங்க.

மணல் ரெண்டு இடம் பேர் போனது, லஹ்பாபும் அல் பதாயரும், ரெண்டும் துபாய்ல இருந்து ஹத்தா போற ரோட்டுப் பக்கம், ஊர்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். மணல் சிவப்பு, இரும்புத் துரு ஏறின நிறம், நம்ம தூத்துக்குடி தேரிக்காட்டு மண்ணைப் பாத்தவங்களுக்கு அந்த நிறம் புதுசா இருக்காது. அல் பதாயர்ல பிக் ரெட்னு ஒரு மேடு, கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரம்னு சொல்வாங்க, வாரக் கடைசி லீவு நாள்ல உள்ளூர்ப் பசங்க பெரிய வண்டியெல்லாம் கொண்டு வந்து அங்க பறக்க விடுவாங்க, முதல் தடவை ஓட்டுறவங்க அந்த நாள்ல அந்தப் பக்கமே போக வேணாம். ரோட்டோரமா வரிசையா வாடகைக் கடை இருக்கும், காசு குடுத்தா சாவியைக் குடுத்துருவாங்க, கைடு கிடையாது. அதுவும் வேணாம். லைசென்ஸ் வாங்கின டூர் கம்பெனி, கைடு, வரிசை, இது மூணும் இருக்க இடத்துலதான் புக் பண்ணணும்.

காலையா சாயங்காலமா? விளம்பரம் முழுக்க சூரியன் மறையிறதைத்தான் காட்டுவாங்க, ஆனா ஓட்டுறதுக்குக் காலைதான். குளிர் மாசத்துல ராத்திரி பனி விழுந்து மணல் மேல் அடுக்கு லேசா ஈரமா, கெட்டியா இருக்கும், சக்கரம் புதையாது, மத்தியானத்துக்குள்ள காஞ்சு பொலபொலன்னு ஆகிடும். அதோட காலை வெயில் சாஞ்சு விழுறப்போ ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் இருக்கும், பள்ளம் எங்க, உச்சி எங்கன்னு கண்ணுக்குத் தெரியும், உச்சி வெயில்ல எல்லாம் ஒரே தட்டையா தெரிஞ்சு பள்ளத்துக்குள்ள போன பிறகுதான் பள்ளம்னு தெரியும். ஜனவரில சில நாள் மூடுபனி நம்ம ஊட்டி ரோடு மாதிரியே கட்டும், அப்போ டூர் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், அதுக்குப் பிறகு வேற வேலை வெச்சுக்காதீங்க.

நல்ல கைடுன்னா எப்படி இருப்பார்னு நாங்க லஹ்பாப்ல போனப்போ பாத்தேன். நாப்பது வயசு தாண்டின ஒரு மலையாளி. கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் ஹெல்மெட் பட்டைக்குள்ளயும் ரெண்டு விரல் விட்டுப் பாத்தார். சமதரையில எட்டு போட வெச்சார், நிறுத்தச் சொன்னார், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், யார் சரியா ஓட்டலன்னு பாத்து அவங்களை நேரா தனக்குப் பின்னாடி வெச்சார், நல்லா ஓட்டுறவரைக் கடைசியில. ஓவர்டேக் கிடையாது, என் டயர் தடத்துலயே வாங்கன்னார். முதல் பெரிய மேடு வந்ததும் கையை முஷ்டி பிடிச்சுத் தூக்கினார், எல்லாரும் நின்னோம். அவர் மட்டும் ஏறி உச்சியில வண்டியை ஓரமா நிறுத்தி எழுந்து நின்னு மறுபக்கம் பாத்தார், அப்புறம் ஒரு விரல் காமிச்சார், ஒரு வண்டி போச்சு. அது கீழ இறங்கி விலகி நின்னு கையைத் தூக்கின பிறகுதான் அடுத்த விரல். என் முறை வந்தப்போ மேட்டுல பாதியில வண்டி முக்குச்சு, சக்கரத்துக்கு அடியில மணல் பின்னாடி ஓடுற சத்தம் கேட்டுச்சு, அவர் மேல இருந்து உள்ளங்கையைக் கீழ அழுத்துற மாதிரி காமிச்சார், விடாதே தள்ளுன்னு அர்த்தம், தள்ளினேன், உச்சியில ஒரு நொடி முன்னாடி வெறும் வானம்தான் தெரிஞ்சுது, அப்புறம் மூக்கு இறங்குச்சு, கீழ எங்காளுங்க சின்னதா நின்னுட்டு இருந்தாங்க. அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்ளோ தூரம் போறது, அதைப் பயமில்லாம அனுபவிக்க முடிஞ்சது அந்த மனுஷன் மேல நின்னதாலதான்.

ஓமான் பத்தியும் கேட்டாங்க. ஷர்க்கியா மணல், முன்னாடி வஹீபான்னு சொல்வாங்க, மஸ்கட்ல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல, 12,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. பாலைவனம்னா அதுதான், கண்ணுக்கு எட்டுற வரைக்கும் ஆள் இல்ல. ஆனா குழந்தைகளோட முதல் தடவை போற குடும்பத்துக்கு ரொம்ப உள்ள இருக்கு, ஆஸ்பத்திரி தூரம். இன்னொரு தடவை போறப்போ பாக்கலாம்.

இப்போ வீட்டுல இருக்க ஒவ்வொருத்தரும் எதுல ஏறணும்ங்கிறது. குவாட் பெரியவங்களுக்கு மட்டும். 16 வயசுக்குக் கீழ இருக்கவங்க பெரியவங்க குவாட் ஓட்டக்கூடாதுன்னு அமெரிக்காவுல வண்டி மேலயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும், அது சும்மா ஒட்டினது இல்ல. 1970ல ஹோண்டா மூணு சக்கரத்துல இந்த மாதிரி வண்டியை முதல்ல விட்டப்போ பசங்க ஓட்டி கவுந்து கவுந்து அடிபட்டு, கடைசியில 1988ல அங்க மூணு சக்கர வண்டி விற்கிறதையே நிறுத்த வேண்டியதாச்சு, அதுக்கப்புறம் நாலு சக்கரம் மட்டும்தான். நாலு சக்கரம் ஆனாலும் 200ல இருந்து 300 கிலோ இருக்க வண்டி மேல விழுந்தா விழுந்ததுதான். டூர்ல சின்னப் பசங்களுக்குன்னு சின்ன வண்டி குடுப்பாங்க, வேலி போட்ட இடத்துக்குள்ள ஓட்டட்டும், மேட்டுக்கு வேணாம். ஒருத்தர் உக்கார்ற வண்டியில பிள்ளையைப் பின்னாடி ஏத்திட்டுப் போலாமான்னு கேக்காதீங்க, அந்த வண்டியில நாம உடம்பை நகர்த்தித்தான் திருப்புறோம், பின்னாடி ஆள் இருந்தா நகர முடியாது.

பசங்களோட சேர்ந்து போகணும், அதே நேரம் நாமளே ஓட்டணும்னா பக்கி இருக்கு. கார் மாதிரி சீட்டு, பெல்ட், மேல இரும்புக் கூண்டு, ஸ்டியரிங். போலாரிஸ், கேன்-ஆம் கம்பெனி வண்டிங்கள்ல 1000 சிசியும் உண்டு. உருண்டாலும் கூண்டு காப்பாத்தும், கையை வெளிய நீட்டாம இருந்தா. கார் ஓட்டத் தெரிஞ்ச, பைக் ஓட்டத் தெரியாத அக்கா தங்கச்சிகளுக்கு இதுதான் சரி, எங்க அக்கா கட்டபெட்டு ரோட்டுல ஆல்டோ ஓட்டுறவங்க, பக்கில உக்கார்ந்து பத்து நிமிஷத்துல பழகிட்டாங்க. வாடகை குவாட்டைவிட நல்லாவே கூட, ஆனா ரெண்டு பேர் நாலு பேர் சேர்ந்து உக்காரலாம்கிறதால தலைக்குக் கணக்கு போட்டா அவ்ளோ வித்தியாசம் வராது. முதுகுவலி இருக்கவங்க, டிஸ்க் பிரச்சனை, மாசமா இருக்கவங்க, இதய ஆபரேஷன் பண்ணவங்க குவாட்டும் வேணாம், பக்கியும் வேணாம், லேண்ட் குரூசர்ல மணல்ல குதிக்கிறதும் வேணாம். அந்தக் கார்க்காரங்க டயர் காத்தை பாதியா இறக்கிட்டு மேட்டுல சறுக்குவாங்க, உக்கார்ந்திருக்கவங்களுக்கு இடுப்பு கழண்டுரும். இப்படி உடம்பு முடியாதவங்களை பாலைவனத்துல இருக்க கேம்புக்கு ரோட்டு வழியாவே கொண்டு விடச் சொல்லி முன்னாடியே பேசிடுங்க, எல்லா நல்ல கம்பெனியும் பண்ணித் தருவாங்க.

எத்தனை சிசி எடுக்கிறதுன்னு பசங்க சண்டை போடுவாங்க. முதல் தடவைக்கு 250ல இருந்து 400க்குள்ள ஆட்டோமேட்டிக் போதும். 700 ராப்டர் வேணும்னு அடம் பிடிப்பானுங்க, அது பழகினவங்க வண்டி, கிளட்ச்சு கியரு எல்லாம் உண்டு. ரொம்பச் சின்னதும் வேணாம், 125ல பெரிய ஆள் உக்கார்ந்தா மேடு ஏறாம பாதியில நிக்கும், பாதி மேட்டுல நிக்கிறதுதான் ஆபத்து.

நம்ம உடம்பைப் பத்தியும் சொல்லணும். வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுட்டு இருக்கவங்க நாம, உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகும், நாலு நாள் டூர்ல அதுக்கு நேரம் இல்ல. பிப்ரவரில பகல் 25 டிகிரிதானேன்னு நினைப்பீங்க, ஹெல்மெட், கண்ணாடி, முழுக்கை சட்டை, ஜீன்ஸ் போட்டு மணல்ல மல்லுக்கட்டினா வேர்த்து ஊத்தும், தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்கணும். அதே நேரம் ஸ்வெட்டரை வீட்டுல வெச்சுட்டுப் போயிடாதீங்க, ஜெய்சல்மேர்ல ஜனவரி ராத்திரி நம்ம கோத்தகிரி குளிருக்குக் குறைஞ்சது இல்ல. செருப்பு ஆகவே ஆகாது, கணுக்கால் மூடின ஷூ. துப்பட்டா, மஃப்ளர், நீள ஷால் எதுவும் தொங்கக்கூடாது, சக்கரத்துல சுத்திக்கும், தலைக்குக் கட்டிக்கிற துணியோட நுனியை சட்டைக்குள்ள சொருகிடுங்க. கண்ணாடி போடுறவங்க, கண்ணாடி மேல போடுற பெரிய காகிள்ஸ் இருக்கான்னு முன்னாடியே கேளுங்க. போன் ஜிப் வெச்ச பாக்கெட்ல, மணல்ல விழுந்தா தேடி எடுக்க முடியாது.

ட்ராவல் இன்சூரன்ஸ் எடுக்கிறவங்க பாலிசியில குவாட், ஏடிவி (குவாட்டோட இன்னொரு பேர்), அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் அப்படின்னு போட்டிருக்க பக்கத்தைப் படிங்க, நிறைய பாலிசியில இது சேராது, தனியா சேர்க்கச் சொல்லி எழுதி வாங்கணும். வெளிநாட்டுல கை உடைஞ்சாக்கூட பில்லு லட்சத்துல வரும். வண்டிக்கு ஏதாவது ஆனா யார் கட்டணும்னு கம்பெனி பேப்பர்ல ஒரு வரி இருக்கும், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அதையும்.

போறதுக்கு முன்னாடி இங்கயே ஏடிவி ஓட்டிப் பாத்துட்டுப் போலாமான்னா, தாராளமா. டூரிஸ்ட் இடங்கள்ல சின்ன டிராக் வெச்சிருக்க இடத்துல ரெண்டு ரவுண்டு அடிச்சா கட்டைவிரல் ஆக்ஸிலேட்டரும் காலைக் கீழ ஊணாத பழக்கமும் வந்துரும். செம்மண்ணு வேற மணல் வேற, அதனால ஏறுறதும் இறங்குறதும் அங்க போய்த்தான் கத்துக்கணும்.

காசு விஷயம், அங்க காசு திர்ஹம், அதுக்கு இத்தனை ரூபாய்னு கணக்கு போட்டு விளம்பர விலையை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. அந்த விலை ஒரு வண்டிக்கா ஒரு ஆளுக்கா, ஹோட்டல்ல இருந்து கூட்டிட்டுப் போறது சேர்த்தியா, ஒரு மணி நேரம்னா ஓட்டுற நேரமா இல்ல ஹெல்மெட் போட்டு போட்டோ எடுக்கிறதெல்லாம் சேர்த்தா, இதெல்லாம் போன்ல கேளுங்க. மேட்டுல ஏறுவோமா, வேலிக்குள்ளயான்னு நேராவே கேளுங்க. கொடி இருக்கா, கைடுக்குத் தனி வண்டி இருக்கா, முதலுதவிப் பெட்டி வரிசையில யார்கிட்ட இருக்கும். கடைசியா, ஒரு கைடுக்கு எத்தனை வண்டி? ஆறு ஏழுன்னா பரவாயில்ல, "பதினஞ்சு பேர் வந்தாலும் ஒரே கைடு பாத்துப்பார் சார்"னு சொன்னா நன்றி சொல்லிட்டு அடுத்த நம்பருக்குப் போடுங்க.